ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு ஒரு கிட்னி

செங்கல்பட்டு
12-2-2003

அக்காவுக்கு,

ஜெகதீசன் எழுதுவது. ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரியும். காரியமாகத்தான் எழுதுகிறேன், சுற்றி வளைக்க விருப்பமில்லை.

எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. தீபாவளிக்கு முன்பு காலில் வீக்கம் வந்தது. பொங்கலுக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது வாரம் இரண்டு முறை சென்னைக்குப் போய் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். மாற்றுக் கிட்னி வைத்தால் மறுபடி பள்ளிக்கூடம் போய் விசில் ஊதலாம், ஆனால் ரொம்ப நாள் தள்ளக்கூடாது என்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள் கொடுத்தால் நன்றாகச் சேருமாம். எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்திதான். ரத்தப் பிரிவும் நமக்கு ஒன்றுதான்.

எனக்கு வந்ததுதான் யாருக்கும் புரியவில்லை. பீடி, சிகரெட், குடி எதுவும் தொட்டதில்லை. சர்க்கரை வியாதி கிடையாது. இருபத்தைந்து வருஷமாக விடிவதற்கு முன்பே மைதானத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடியவன். வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வர வேண்டியது எனக்கு வந்திருக்கிறது. உன் வீட்டில் அவர் வாழ்ந்ததுபோல வாழ்ந்து இது வந்திருந்தால் நான் யாரையும் நொந்துகொள்ள மாட்டேன்.

யோசித்து எழுது. உன் சத்துணவுக் கூடத்து போன் நம்பர் கிடைத்தால் பேசவும் தயார்.

ஜெகதீசன்


சதுரங்கப்பட்டினம்
20-2-2003

ஜெகதீசனுக்கு,

உன் கடிதம் சமையல்கூடத்துக்கே வந்தது. உலையை வைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். என்னோடு சமைக்கும் பொன்னி, "இன்னாக்கா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்று கேட்டாள். சிரித்தேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அவர்" என்று எழுதியிருக்கிறாய். அவருக்குப் பெயர் உண்டு, காசிநாதன். உனக்கு மாமா. நீ பி.டி. டிரெயினிங் படிக்கும்போது லாரியில் உன்னை ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் விட்டவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்து, அந்தப் புண்ணும் ஆறாமல், ஐம்பது வயதில் போனார். பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்தேன். எல்லா வீட்டிலும் வைப்பதுதான். நீ வந்து, சொந்தபந்தம் நூறு பேர் பார்க்க, இலையிலிருந்த ஜிலேபியையும் மைசூர்பாகையும் அள்ளித் தெருநாய்க்கு வீசினாய். "துன்னே செத்த ஆளுக்கு இன்னாத்துக்குக்கா இத்தினி ஸ்வீட்டு?" என்று கேட்டாய். நான்கு பேர் சிரித்தார்கள். நான் தாலியை இறக்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

கிட்னி தருவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உன் டாக்டரிடம் ஒன்றைக் கேள். வாயைக் கட்டியவனுக்கு, ஒழுங்காக ஓடியவனுக்கு, இது எப்படி வந்தது என்று கேள். அவர் சொல்வதை ஒன்றும் விடாமல் உன் கையால் எழுது. போன் செய்யாதே. உன் குரல் எனக்கு வேண்டாம், எழுத்துதான் வேண்டும்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
2-3-2003

அக்காவுக்கு,

கேட்டேன். எழுதுகிறேன்.

1993-இல் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டபோது எனக்கு பிரஷர் அதிகம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. தினமும் மாத்திரை விழுங்குகிறவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பையன்களை எப்படி விரட்டுவது? தலைவலி கூட இல்லாதபோது நான் நோயாளி என்று எப்படி ஒப்புக்கொள்வது? பத்து வருஷம் பார்க்காமலே விட்டேன்.

அடுத்தது உப்பு. வேர்வையில் போன உப்பை உடனே திரும்பக் குடித்துவிட வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் சொன்னார். ஓடி முடித்ததும் ஒரு சொம்பு எலுமிச்சைத் தண்ணீர், அதில் இரண்டு ஸ்பூன் உப்பு. சாயந்தரமும் அப்படியே. மத்தியானம் கூழும் கருவாடும். சர்க்கரை ஒரு சிட்டிகை இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து துர்காதேவிக்கும் அதே சாப்பாடுதான். என் வீட்டில் இனிப்பு நுழையாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது முட்டிவலி. ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். முதலில் ஒன்று, அப்புறம் காலையும் மாலையும், கடைசி எட்டு வருஷம் நாளைக்கு மூன்று. அதை நான் மருந்தாக நினைக்கவில்லை. ஷூவைப் போல ஓடுவதற்கு வேண்டிய ஒரு சாமான் என்று நினைத்தேன்.

டாக்டர் எல்லாம் எழுதிக்கொண்டு, கிட்னியைக் கெடுப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது சார் என்றார். துர்காதேவி பக்கத்தில் இருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

எழுதிவிட்டேன். போதுமா?

ஜெகதீசன்


சதுரங்கப்பட்டினம்
15-3-2003

தம்பி ஜெகதீசனுக்கு,

போதும். மூன்று தடவை படித்தேன். கடிதம் பத்திரமாக இருக்கிறது.

தருகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறேன், ஒரு நாள் படுத்ததில்லை. உன் டாக்டரிடம் அப்படியே சொல்லு.

ஒரு நிபந்தனை உண்டு. வைகாசி கடைசியில் திருக்கழுக்குன்றத்தில் தெய்வநாயகி அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். படையலுக்கு வந்த அதே சனம் அங்கும் வரும். முதல் பந்தி முடிந்ததும் மைக்கை வாங்கி, காசிநாதன் மாமா வாயால் சாகவில்லை என்றும், அன்றைக்கு நீ செய்தது தப்பு என்றும், உனக்கு எதனால் கிட்னி போனது என்றும் சொல்ல வேண்டும். உப்பு, மாத்திரை ஒன்றையும் விடக்கூடாது. அப்புறம் நான் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

என் மகன் கேசவனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறான். அம்மாவை அறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் வேலை ஓடாது.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
10-6-2003

அக்காவுக்கு,

நீ முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். எழுத்து வேண்டும் என்று கேட்டவள் நீ.

மைக்கைக் கையில் வாங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் வாழ்த்துப் பேச்சு என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் சொல்லச் சொல்ல மண்டபம் அடங்கிவிட்டது. சமையல்காரர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். என்னிடம் படித்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான், இன்னொருவன் சிரித்தான். என் முகம் வீங்கியிருந்ததால் முதலில் பலருக்கு நான் யார் என்றே தெரியவில்லை. இறங்கி வந்தபோது அத்தை என் கையைப் பிடித்து, "உன் அக்கா உன்னை இப்டி நிக்க வெச்சிட்டாளேடா" என்றாள். உன் காதிலும் விழுந்திருக்கும். நீ பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தாய். என்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. ஏப்ரலில் துர்காதேவி தன் கிட்னியைத் தருவதாகச் சொன்னாள். அவளுக்குப் பரிசோதனை செய்ய டாக்டர் நாள் கொடுத்தார். என் அக்கா தருகிறாள், அவள் சொன்னால் சொன்னதுதான் என்று நான் வேண்டாம் என்றுவிட்டேன். உன்னை நம்பித்தான் சொன்னேன். ஆனி மாதத்துக்குள் வந்துவிடு. மெஷின் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாதியில் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிடுகிறேன்.

ஜெகதீசன்


சதுரங்கப்பட்டினம்
22-7-2003

தம்பிக்கு,

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்து புதுப் பிள்ளைகள் சேர்ந்ததில் நகர முடியவில்லை. இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நம் வீட்டில் யாரும் நல்ல காரியம் தொடங்கினதில்லை, உடம்பை அறுத்துக்கொள்ளப் போவேனா? ஆவணியில் பார்க்கலாம்.

மண்டபத்தில் நீ பேசியது நன்றாக இருந்தது. கணீரென்று பேசினாய், விசில் ஊதிப் பழகிய வாய். ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டாய். மாத்திரை நாளைக்கு மூன்று என்று சொல்லவில்லை, "எப்போதாவது" என்றாய். நான் கவனித்தேன்.

உனக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்கிறார்களாமே. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், எதை எல்லாம் சாப்பிடக்கூடாது, ஆசைப்பட்டு எதைத் திருட்டுத்தனமாகத் தின்றாய், எல்லாவற்றையும் எழுது. உன் மாமா ஒரு வாய் ஜிலேபிக்காக என்னிடம் கெஞ்சியிருக்கிறார். கெஞ்சுகிற ஆம்பிளை எப்படி எழுதுவான் என்று படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
24-8-2003

அக்கா,

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. நீ வரவில்லை.

நாளைக்கு மூன்று டம்ளர். கேட்டாய் அல்லவா, எழுதுகிறேன். இளநீர், வாழைப்பழம், கீரை, பருப்பு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. சென்ற வாரம் துர்காதேவி குளிக்கப் போனபோது பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். ராத்திரிக்குள் மூச்சு அடைத்து, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சென்னைக்கு ஓடினார்கள். திருடித்தான் குடித்தேன். உன் ஆசை தீர்ந்ததா?

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பயந்துபோய் துர்காதேவி என்னைக் கேட்காமல் தனக்குப் பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கும் பிரஷர். சிறுநீரில் புரதம் போகிறதாம். இருபது வருஷம் நான் தின்ற உப்பை அவளும் தின்றிருக்கிறாள். அவளிடம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் பார்த்திருந்தால் ஒருவேளை சரியாக இருந்திருக்கலாம், இந்த ஐந்து மாத அலைச்சலில் ஏறியதாகவும் இருக்கலாம், இனி யாருக்கும் தெரியாது என்கிறார் டாக்டர்.

இனி நீ மட்டும்தான் அக்கா. எந்தக் காலில் விழ வேண்டும் என்று சொன்னாலும் விழுகிறேன். இந்த வாரமே வா.

ஜெகதீசன்


சதுரங்கப்பட்டினம்
3-9-2003

ஜெகதீசனுக்கு,

என் கிட்னி உனக்கு ஆகாது. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக இன்சுலின் ஊசி. சர்க்கரைக்காரியிடம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிட்னி எடுக்க மாட்டார்கள். உன் முதல் கடிதத்தைப் படித்து நான் சிரித்தது அதற்காகத்தான். ஊரில் அத்தனை பேர் இருக்க, நீ வந்து கேட்டது என்னை.

எதற்காக இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். காசிநாதன் வாயால் செத்தார் என்றாய். அவர் எப்படி வாழ்ந்தார் என்று உனக்குத் தெரியுமா? ஜல்லி லோடு ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓட்டுவார். கண் மூடாமல் இருக்க மணிக்கு ஒரு டீ, ஒவ்வொரு டீக்கும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. நடுராத்திரியில் ரோட்டோரத்தில் திறந்திருந்த ஒரே கடையில் பரோட்டாதான் கிடைக்கும். பகலில் நான்கு மணி நேரம் தூக்கம். அவர் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. செருப்பில் ஆணி குத்தியதே தெரியாமல் இரண்டு நாள் கிளட்சை மிதித்திருக்கிறார். நீ அதற்கு வாய் என்று பெயர் வைத்தாய். அவர் செத்ததைக் காட்டிலும் நீ பேசியது எனக்கு ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை, ஆனால் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வருகிறது.

துர்காதேவிக்கு நடந்ததற்கு மட்டும் வருத்தமாக இருக்கிறது. அவள் தருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டினவளுக்கும் உப்பைக் கொட்டிக் கொடுத்தவன் நீதான்.

இனி எழுதாதே.

சம்பூர்ணம்


சென்னை
20-10-2003

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். உனக்கு ஒரு செய்தி சேர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு கேசவன் உன் வீட்டுக்கு வர மாட்டான். கம்பெனியில் லீவு இல்லை என்று சொல்லியிருப்பான். என்னோடு சென்னையில்தான் இருக்கிறான்.

உன் கடைசிக் கடிதம் வந்த மறுவாரம் அவனை வரவழைத்தேன். மெஷினில் படுத்திருந்தபோது உன் கடிதங்களை எல்லாம் அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் வரிசையாகப் படித்தான். மண்டபத்தில் நான் பேசியதற்கு நீ எழுதிய பதிலை இரண்டு முறை படித்தான். நான்கு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஊசியைக் கழற்றும்போது, "நான் குடுக்கறேன் மாமா. எங்கம்மா பண்ணதுக்கு வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரில" என்றான்.

நான் கேட்கவில்லை. உன்னைப் போல நிபந்தனையும் போடவில்லை.

கிட்னி தர அனுமதி கொடுக்கும் கமிட்டி முன்னால் நின்று, தாய்மாமனுக்கு மனசாரத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். அப்பா லாரி விபத்தில் போய்விட்டார், அம்மாவுக்கு ஒரு நோயும் கிடையாது என்றான். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவன் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் எல்லையில் இருக்கிறது, ஆனாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். தீபாவளி முடிந்து ஆபரேஷன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். உனக்கு எழுத்து போதும் அல்லவா?

ஜெகதீசன்


செங்கல்பட்டு
23-10-2003

என் தம்பி ஜெகதீசனுக்கு,

உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூட்டிக் கிடக்கிறது. கேசவன் செல்போனை அணைத்து வைத்திருக்கிறான். நாவலூருக்குப் போனேன், ஒரு மாசம் லீவு என்றார்கள். பக்கத்து வீட்டு ஜானகிராமன் சார் உனக்குத் துணியும் தபாலும் கொண்டுவருவதாகச் சொல்லுகிறார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாயாம். அந்த மனுஷன் காலைப் பிடித்தேன். கடிதத்தை மட்டும் தருகிறேன் என்றார்.

நான் செய்தது பாவம். எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன், எந்த மண்டபத்தில் வேண்டுமானாலும் நிற்க வை. பிள்ளையை விட்டுவிடு.

அவன் உடம்பு உனக்குத் தெரியாது. அப்பனுக்கும் சர்க்கரை, ஆத்தாளுக்கும் சர்க்கரை, தாத்தாவுக்கும் இருந்தது. போன வருஷம் கம்பெனி முகாமில் வெறும் வயிற்றில் நூற்றுப் பதினாறு காட்டியது. எல்லையில் நிற்கிறது, உடம்பைக் குறை, நட, இல்லாவிட்டால் நாற்பதுக்குள் வந்துவிடும் என்று அவனிடம் சொன்னார்கள். எப்படி நடப்பான்? பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், சாப்பாடும் கோலாவும் மேஜைக்கே வருகின்றன. அவனுக்குச் சர்க்கரை வந்தால் அது முதலில் பிடிப்பது கிட்னியைத்தான். அன்றைக்கு அவனிடம் ஒன்றுதான் இருக்கும். நீ பி.டி. மாஸ்டர், ஊருக்கெல்லாம் உடம்பைப் பற்றிச் சொன்னவன், இது உனக்குப் புரியாமல் இருக்காது.

டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. இதைக் காட்டினால் நிறுத்திவிடுவார்கள். காட்டுடா தம்பி. அம்மா இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள், இப்போது நான் கேட்கிறேன்.

உன் அக்கா
சம்பூர்ணம்


சென்னை
31-10-2003

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஜானகிராமன் தீபாவளியன்றே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். படித்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் காலையிலும் மாலையிலும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை வந்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. வைத்த உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். முதல் நாளே எட்டு லிட்டர் சிறுநீர் போனது. நர்ஸ் கொண்டுவந்து காட்டினாள். நேற்று இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன், யாரும் தடுக்கவில்லை. துர்காதேவி அழுதாள்.

கேசவன் கீழ்மாடியில் இருக்கிறான். எழுந்து நடந்தான், உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. அவனுக்குத் தையல் போட்ட இடம் சரியாகக் கூடவில்லை என்று நேற்று ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருநூற்று முப்பது காட்டுகிறது. ஆபரேஷன் செய்த உடம்பில் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் இவ்வளவு ஏறாது என்று டாக்டர் யோசிக்கிறார். சற்று முன்புதான் என் கட்டிலருகே வந்து, பையனுடைய அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா, நிஜத்தைச் சொல்லுங்கள் சார் என்று கேட்டார். அவன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேட்டுத்தான் எழுதுகிறேன். உண்டு என்று சொல்லட்டுமா, இல்லை என்று சொல்லட்டுமா?

ஜெகதீசன்